பயணத்தில் படம் திருத்த ஒரு மடிக்கணினி: எங்கே வைத்துத் திறக்கப்போகிறோம்?

கமரா வாங்கி ஓரிரு வருடங்கள் ஓடிய இளம் ஊடகவியலாளர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. "அண்ணா, படம் எடிட் பண்ணக்கூடிய, கொண்டு திரியக்கூடிய, விலையும் கட்டுப்படியாகிற ஒரு லெப்டொப் சொல்லுங்கோ." அவர்கள் எதிர்பார்ப்பது ஒரு மாதிரி இலக்கம். நான் பதிலுக்கு, அதை எங்கே வைத்துத் திறக்கப்போகிறீர்கள் என்றுதான் கேட்பேன்.

யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ ஓர் அறையில், மின்விசிறிக்குக் கீழே வைத்துத் திறப்பதற்கு என்றால் பயணத்துக்கான மடிக்கணினியே தேவையில்லை. அதே காசுக்கு மேசைக் கணினியும் நல்ல திரையும் வாங்கிவிடலாம். ஆனால், எங்களுடைய வேலை அப்படி நடப்பதில்லை. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி காணாமலாக்கப்பட்டோரின் உறவுகள் ஆரம்பித்த போராட்டம் போன்ற இடங்களில் கொட்டகைக்குள் இருக்கவேண்டியிருக்கும். முல்லைத்தீவில் தகரக் கூரை போட்ட ஒரு வீட்டு விறாந்தையில், நெடுந்தீவுக்குப் போகும் படகுக்காகக் குறிகட்டுவான் இறங்குதுறையில், ஏ9 வீதியில் முறிகண்டிப் பிள்ளையாரடியில் பஸ் நிற்கும் பத்து நிமிடத்தில் அதைத் திறக்கவேண்டிவரும். இந்த இடங்களை நினைத்துக்கொண்டு கடைக்குள் போகிறவருக்கும், விளம்பரத்தை நினைத்துக்கொண்டு போகிறவருக்கும் கிடைப்பவை வேறு வேறு கணினிகள்.

வீட்டுக்கு வந்து ஆறுதலாகத் திருத்தலாமே, எதற்குச் சுமக்கவேண்டும் என்று சிலர் கேட்பார்கள். என் அனுபவத்தில் களத்திலேயே படத்தைத் திறப்பதற்கு வேகத்தை விட முக்கியமான ஒரு காரணம் உண்டு. படத்தில் இருப்பவர் அந்தப் படத்தைப் பார்க்கவேண்டும். கமராவின் பின்பக்கத்தில் இருக்கும் மூன்று அங்குலத் திரையில், அதுவும் வெயிலில், அறுபது எழுபது வயது அம்மா ஒருவருக்கு எதுவும் தெரியாது. தலையை ஆட்டிவிடுவார். அதைச் சம்மதம் என்று நாங்கள் எழுதிக்கொள்வோம்.

முல்லைத்தீவில் ஓர் அம்மா தன் மகனின் படத்தை மார்போடு பிடித்தபடி இருக்க எடுத்தேன். அவரிடம் இருந்தது ஒரேயொரு கடவுச்சீட்டு அளவுப் படம். அதைப் பெருப்பித்து, பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தார். படத்தை மடிக்கணினியில் போட்டுக் காட்டியதும் அவர் தன்னைப் பார்க்கவேயில்லை. மகனின் முகத்தைத்தான் தேடினார். "தம்பி, வெளிச்சம் அடிச்சு என்ர பிள்ளையின்ர கண் தெரியேல்லையே" என்றார். உறையின் பளபளப்பில் வானம் தெறித்திருந்தது. முகத்துக்கு மேலே ஒரு வெள்ளைத் திட்டு. திரும்ப எடுத்தோம். இன்னொரு படத்தில் பின்னால் நின்ற சகோதரியின் பிள்ளையை வெட்டிவிடச் சொன்னார். வெட்டிக் காட்டினேன். இந்த இரண்டும் வீட்டுக்கு வந்தபிறகு செய்யக்கூடிய காரியங்கள் அல்ல.

ஆகவே, எனக்கு முதல் அளவுகோல் திரை. பலர் முதலில் புரொசசரைக் கேட்கிறார்கள், விற்பவர்களும் அதைத்தான் முதலில் சொல்கிறார்கள். திரையைப் பற்றிக் கேட்டால் "புல் எச்டி" என்ற இரண்டு சொல்லுடன் பதில் முடிந்துவிடும்.

1366க்கு 768 புள்ளிகள் கொண்ட பழைய திரைகளை விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். 1920க்கு 1080 குறைந்தபட்சம். திரை ஐபிஎஸ் வகையாக இருக்கவேண்டும். அதைக் கடையிலேயே சோதிக்கலாம்: மூடியை மெதுவாக முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள். சாய்க்கும்போது கறுப்பு வெளிறி, முகத்தின் நிறம் தலைகீழாக மாறினால் அது ரிஎன் எனப்படும் மலிவுத் திரை. பக்கத்தில் இருந்து பார்ப்பவருக்கு ஒரு நிறம், உங்களுக்கு ஒரு நிறம். விறாந்தையில் மூன்று பேர் சுற்றியிருந்து பார்க்கும் வேலைக்கு அது உதவாது.

அடுத்தது, திரை எத்தனை நிறங்களைக் காட்டும் என்பது. விபரக்குறிப்பில் "45 வீதம் என்ரிஎஸ்சி" என்று இருந்தால், இணையத்தில் நாங்கள் பாவிக்கும் எஸ்ஆர்ஜிபி நிறவெளியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைத்தான் அந்தத் திரை காட்டும். சிவப்பு செங்கல் நிறமாக இறங்கிவிடும். அதைப் பார்த்து நீங்கள் நிறத்தைக் கூட்டுவீர்கள், பிறருடைய கைபேசியில் அந்தப் படம் திருவிழாத் தட்டி மாதிரித் தெரியும். "72 வீதம் என்ரிஎஸ்சி" அல்லது "100 வீதம் எஸ்ஆர்ஜிபி" என்று இருப்பதைத் தேடவேண்டும்.

இது அழகு பற்றிய கவலை என்று நினைக்கவேண்டாம். செம்மணி சித்துப்பாத்தி மனிதப் புதைகுழியில் இருந்து மீட்கப்பட்ட பொருட்கள் 2025 ஓகஸ்ட் 5ஆம் திகதி மக்கள் அடையாளம் காண்பதற்காகக் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஆடையின் நிறத்தையும் தையலையும் வைத்து ஒரு பிள்ளையை அடையாளம் காணவேண்டிய நிலையில் இருக்கும் மக்களுக்காக நாங்கள் வேலை செய்கிறோம். ஒரு வீட்டில் பழைய அல்பத்தில் இருக்கும் படத்தை நான் பிரதி எடுக்கும்போது, அந்தப் பிள்ளை போட்டிருந்த சட்டை கடல்நீலமா கரும்பச்சையா என்பது நாளைக்கு யாருக்கோ தேவைப்படலாம். மங்கிய திரையை நம்பி அதை நான் 'அழகாக்கி'விட்டால், அது திருத்தம் ஆகாது, அழிப்பு.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை 250 நிட்ஸ் அறைக்குள் போதும். விறாந்தைக்கு 300 வேண்டும். 400 கிடைத்தால் நல்லது. நேர் வெயிலில் வைத்துப் பார்க்கக்கூடிய திரை எங்கள் விலைக்குள் இல்லை, அதைத் தேடி அலையவேண்டாம். கண்ணாடி போல மின்னாத மங்கல் பரப்பாக இருந்தால் போதும், மிச்சத்தை மரநிழல் பார்த்துக்கொள்ளும்.

இனிக் காசு. 2022 மார்ச் தொடக்கம் வரை ஒரு டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. மே மாதத்தில் 360ஐத் தொட்டது. பிறகு இறங்கினாலும் பழைய இடத்துக்கு வரவில்லை. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 வீதமானது. இப்போது 16 ஜிபி ராமும், நல்ல திரையும், ஒன்றரைக் கிலோவுக்குள் எடையும் கொண்ட புதிய மடிக்கணினி என்றால் இரண்டு இலட்சத்துக்கு மேலே போய்விடுகிறது. ஒரு கட்டுரைக்குச் சில ஆயிரம் ரூபா வாங்கும் சுயாதீன ஊடகவியலாளர் ஒருவருக்கு அது நடைமுறைக்குச் சரிவராது. அந்தக் காசுக்குக் குறைவான புதியவற்றில் ராம் 8 ஜிபியாகவும் திரை 45 வீதமாகவும் இருக்கும். புதிய பெட்டி, ஒரு வருட உத்தரவாதம், மங்கிய திரை என்பதை விட, வெளிநாட்டு நிறுவனங்கள் நான்கைந்து வருடம் பாவித்துக் கழித்துவிட்ட உறுதியான கணினி மேல் என்பது என் முடிவு. கொழும்பில் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாப் பக்கத்திலும், யாழ்ப்பாணம், வவுனியாவிலும் இவை கிடைக்கின்றன. ஒன்றரை இலட்சத்தை எல்லையாக வைத்துக்கொண்டு தேடலாம்.

பாவித்தது வாங்கும்போது ஓர் எல்லைக்கோடு இருக்கிறது. இன்டெல் ஐ5 என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே போகவேண்டாம். மாதிரி இலக்கம் 8250 அல்லது 8350 என்று எட்டில் தொடங்கும். ஏழாம் தலைமுறை வரை இலேசான மடிக்கணினிகளில் வந்த ஐ5இல் இரண்டு கோர்தான், எட்டில் இருந்து நான்கு. றோ படங்களை ஏற்றுமதி செய்யும்போது இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். இன்னொன்று, விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11ஐ மைக்ரோசொப்ட் முறைப்படி அனுமதிப்பது எட்டாம் தலைமுறையில் இருந்துதான். கடைகளில் ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகள் திடீரென மலிந்து கிடப்பதற்குக் காரணம் இது.

ராம் 16 ஜிபி வேண்டும். 8 ஜிபியில் வேலை ஓடும், ஆனால் ஐந்தாறு படங்களுக்குப் பிறகு இழுக்கத் தொடங்கும். சேமிப்பு கட்டாயம் எஸ்எஸ்டி. பஸ்ஸில் குலுங்கும் பையில் சுழலும் ஹார்ட் டிஸ்க்கை வைத்திருப்பது ஆபத்து. 24 மெகாபிக்சல் கமராவில் ஒரு றோ கோப்பு ஏறக்குறைய 25 எம்பி. ஒரு நாளில் 300 படம் எடுத்தால் ஏழரை ஜிபி. 256 ஜிபி எஸ்எஸ்டியில் விண்டோஸும் மென்பொருட்களும் போக மிஞ்சும் இடம் சில வாரங்களில் நிரம்பிவிடும். 512 பாருங்கள்.

மாதிரி இலக்கம் சொல்லாமல் விடமாட்டீர்கள் என்று தெரியும். லெனோவா திங்க்பேட் ரி480எஸ்ஸை நான் முதலில் சொல்வேன். எடை 1.3 கிலோ அளவு, முழு அளவு மெமரி கார்ட் போடும் வாசல் உண்டு, ராமைக் கூட்டலாம். அதன் அண்ணன் ரி480 கொஞ்சம் பாரம், 1.6 கிலோவில் தொடங்கும். ஆனால் அதில் இரண்டு பற்றரி: உள்ளே ஒன்று, வெளியே கழற்றிப் பூட்டும் ஒன்று. கணினியை நிறுத்தாமலே வெளிப் பற்றரியை மாற்றலாம். மின்சாரம் இல்லாத இடங்களில் இரண்டு மூன்று நாள் தங்குபவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். டெல் லட்டிரியூட் 7490, எச்பி எலைட்புக் 840 ஜி5 இரண்டும் நல்ல உடம்பு, ஒன்றரைக் கிலோவுக்குள். ஆனால் கமரா கார்டை நேராகப் போடமுடியாது, தனி ரீடர் கொண்டுபோகவேண்டும். சின்னதாக இருக்கிறது என்று திங்க்பேட் எக்ஸ்280ஐப் பலர் ஆசைப்பட்டு வாங்குகிறார்கள். அதில் ராம் பலகையோடு ஒட்டியது, 8 ஜிபியில் வாங்கினால் 8 ஜிபிதான்.

இவற்றில் ஒரே மாதிரி இலக்கத்துக்குள்ளேயே வேறு வேறு திரைகள் இருப்பதை மறக்கவேண்டாம். ரி480 என்ற பெயரில் 1366 திரையும் உண்டு, 2560க்கு 1440 திரையும் உண்டு. மற்றவை எல்லாம் சரியாக இருந்து திரை மட்டும் மோசம் என்றால், திரையை மட்டும் மாற்றிக்கொள்ள முடியும். நல்ல திருத்துநர் ஒருவர் அரை மணித்தியாலத்தில் செய்துவிடுவார்.

அப்பிளின் மக்புக் எயார் எம்1 பற்றிச் சொல்லாமல் விட்டால் சண்டைக்கு வருவார்கள். 2020 நவம்பரில் வந்தது. 1.29 கிலோ, விசிறியே இல்லை, திரை 400 நிட்ஸ், பற்றரி ஒரு பகல் முழுவதும் நிற்கும். படம் திருத்துவதற்கு மேலே சொன்ன எல்லாவற்றையும் விட வேகமானது, 8 ஜிபியிலேயே நன்றாக ஓடும். ஆனால் ராமும் சேமிப்பும் பலகையோடு ஒட்டியவை. பலகை செத்தால் படங்களும் அதோடு போய்விடும். வன்னியில் நின்றுகொண்டு அதைத் திருத்த யாரையும் தேடமுடியாது. கையில் எப்போதும் இரண்டாவது பிரதி வைத்திருக்கும் ஒழுங்கு உள்ளவர்கள் வாங்கலாம்.

கடைக்குப் போகும்போது ஒரு பென்டிரைவில் உங்களுடைய ஐந்தாறு படங்களைக் கொண்டுபோங்கள். கறுத்த தோல், வெள்ளை வேட்டி, கடும் சிவப்புச் சேலை, நிழல் விழுந்த முகம் இருக்கட்டும். அவற்றின் நிறம் உங்களுக்குத் தெரியும் என்பதால், கடையின் கடற்கரைப் படத்தைப் பார்த்து மயங்கமாட்டீர்கள். பற்றரி ரிப்போர்ட் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். பற்றரி செய்யப்பட்டபோது இருந்த கொள்ளளவும் இப்போது இருப்பதும் அதில் அருகருகே இருக்கும். இப்போதையது பாதியாக இருந்தால் புதுப் பற்றரியின் விலையைக் கழித்துப் பேசுங்கள். யூஎஸ்பி-சி வாசல்கள் எல்லாவற்றிலும் சார்ஜரைக் குத்திப் பாருங்கள். 2017 தொடக்கம் 2019 வரையான திங்க்பேட்களில் உள்மென்பொருள் கோளாறால் இந்த வாசல் செயலிழந்ததும், லெனோவா அதற்குத் திருத்தம் வெளியிட்டதும் பலரும் அறிந்த விடயம். கணினியை அணைத்து, திறக்கும்போதே பயோசுக்குள் போய்க் காட்டச் சொல்லுங்கள். கடவுச்சொல் கேட்டால் அது பழைய நிறுவனத்தின் பூட்டு, வாங்கவேண்டாம். மக்புக் என்றால் முந்தைய உரிமையாளரின் கணக்கு நீக்கப்பட்டிருக்கிறதா என்று, முழுதாக அழித்து மீண்டும் தொடங்கிப் பார்க்கவேண்டும்.

மின்சாரம் பற்றி எங்கள் ஆட்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. யுத்தகாலத்தில் சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்ட சனம். 2022 மார்ச் 31ஆம் திகதி நாடு முழுவதும் 13 மணித்தியாலம் மின்வெட்டு. 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு நாட்டையே இருட்டாக்கியது. ஆகவே யூஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஆகாத மடிக்கணினியை நான் பயணத்துக்குப் பரிந்துரைப்பதில்லை. யூஎஸ்பி-சி என்றால் ஒரே 65 வாட் சார்ஜர் கைபேசிக்கும் கணினிக்கும் போதும், பவர் பேங்கும் உதவும். ஆனால் எல்லாப் பவர் பேங்கும் அல்ல. 45 வாட்டுக்கு மேல் 'பவர் டெலிவரி' உள்ளதாக இருக்கவேண்டும். 20,000 எம்ஏஎச் என்று எழுதியிருப்பதன் உண்மைக் கொள்ளளவு 74 வாட் மணி. வழியில் விரயமாவது போக ரி480எஸ்ஸை ஏறக்குறைய ஒரு தடவை நிரப்பும்.

மென்பொருளுக்கு மாதாமாதம் டொலரில் கட்டத்தேவையில்லை. டார்க்டேபிள், ரோதெரப்பி இரண்டும் இலவசம், சட்டபூர்வமானவை. கடையில் 'போட்டுத் தரும்' திருட்டு லைட்ரூமை வாங்கவேண்டாம். பூட்டு உடைத்த மென்பொருளோடு வேறு என்னென்ன உள்ளே வந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. எங்களுடைய கணினிகளில் இருப்பவை கலியாண வீட்டுப் படங்கள் மட்டுமல்ல.

இதனால்தான் பூட்டுவதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்லவேண்டியிருக்கிறது. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் நிழலில் வளர்ந்த தலைமுறை நாங்கள். ஒரு போராட்டத்தில் நின்றவர்களின் முகங்கள் எல்லாம் ஒரே பைக்குள் இருப்பது என்ன அர்த்தம் என்பது எங்களுக்குத் தெரியும். விசாரணையே வேண்டாம், பஸ்ஸில் பை தொலைந்தாலே போதும். விண்டோஸ் கடவுச்சொல் மட்டும் இருந்தால் எஸ்எஸ்டியைக் கழற்றி வேறு கணினியில் போட்டு எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். முழு வட்டையும் மறைகுறியாக்கவேண்டும். விண்டோஸ் புரோவில் பிட்லொக்கர், மக்கில் பைல்வோல்ட். ஹோம் பதிப்பாக இருந்தால் வெராகிரிப்ட் இலவசம். நிறுவனங்களில் இருந்து வரும் பாவித்த கணினிகளில் புரோ பதிப்பே பெரும்பாலும் இருப்பது இன்னொரு இலாபம். மீட்புச் சாவி இலக்கங்களைக் கடதாசியில் எழுதி வீட்டில் வையுங்கள், கணினிப் பைக்குள் அல்ல.

கைபேசியில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடமும் பதிவாகியிருக்கும். கமராப் படத்தில் நேரமும், பல கமராக்களில் தொடரிலக்கமும் இருக்கும். வெளியிடும் பிரதியில் இவற்றை நீக்குங்கள். டார்க்டேபிளில் ஏற்றுமதி செய்யும்போதே நீக்கலாம். மூலக் கோப்பில் கைவைக்கவேண்டாம். நேரத்தோடு இருக்கும் மூலப்படம் ஒருநாள் சாட்சியாகலாம். அதற்காகவே கமராவின் மணிக்கூட்டைச் சரியாக வைத்திருங்கள்.

பிரதி எடுக்காமல் கார்டை அழிக்கவேண்டாம். கணினியில் ஒன்று, சிறிய வெளி எஸ்எஸ்டியில் ஒன்று, ஊர் திரும்பியதும் வேறொரு வீட்டில் ஒன்று. வெளி எஸ்எஸ்டியைக் கணினிப் பைக்குள் வைக்காமல் உடுப்புப் பைக்குள் வையுங்கள். ஒரே இடத்தில் இருந்தவை ஒரே இரவில் போகும் என்பதற்கு 1981இல் எரிந்த யாழ்ப்பாண நூலகத்தை உதாரணம் காட்டவேண்டியதில்லை. இடம்பெயர்ந்த எங்கள் வீடுகள் ஒவ்வொன்றிலும் ஓர் அல்பம் போயிருக்கிறது. மாத்தளன் கரையில் விட்டதா, முகாமுக்கு வரும் வழியில் நனைந்ததா என்று இன்றைக்கும் பேசிக்கொள்கிறார்கள்.

மடிக்கணினி வாங்கவே முடியாத நிலையில் இருப்பவர்கள் மனம் தளரவேண்டாம். பெரிய திரையுள்ள கைபேசி, ஒரு கார்ட் ரீடர், இலவசமான ஸ்னாப்சீட் போதும். குறைந்தபட்சம் படத்தைக் காட்டவும், வெட்டவும், திருப்பிக் கொடுக்கவும் முடியும்.

திருப்பிக் கொடுப்பது பற்றி ஒரு விடயம். பழைய படத்தைப் பிரதி எடுத்துத் திருத்தியதும் அங்கேயே அந்த வீட்டின் கைபேசிக்கு அனுப்பிவிடுகிறேன். வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் சுருங்கிப்போகும். 'டொக்கியுமென்ட்' என்று தெரிவுசெய்து அனுப்பினால் முழு அளவில் போகும். நான்குக்கு ஆறு அங்குலத்தில் தெளிவாக அச்சடிக்க 1200க்கு 1800 புள்ளிகள் வேண்டும். பெரிதாக்கிச் சுவரில் மாட்ட ஆசைப்படுபவர்களுக்கு அதை விடப் பெரிய கோப்பு ஒன்றும் கொடுங்கள். ஸ்டூடியோவில் கொடுக்கவேண்டியது எந்தக் கோப்பு என்று வீட்டில் இருக்கும் இளம் பிள்ளை ஒருவருக்குக் காட்டிவிட்டு வாருங்கள்.